தென்கடலில் பவளம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன் என்பதாலேயே சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பவளப்பாறை பார்க்க எப்போது வரலாம்? பெரும்பாலும் மே மாதத்தை மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். பள்ளி விடுமுறை, ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடல், தனுஷ்கோடியில் ஒரு படம், போகிற போக்கில் பவளப்பாறை. மே வேண்டாம் என்று நான் சொன்னால் கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் மன்னார் வளைகுடா கலங்கிவிடும். வனத்துறையே படகை நிறுத்திவிடும் நாட்கள் உண்டு. படகு ஓடினாலும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இங்கே கடல் இரண்டு. மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா; இடையில் ஒல்லியான ஒரு தரைத்துண்டு. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரை, அந்தப் பெண்கடலே பேயாட்டம் ஆடும். கச்சான் காலத்தில் தென்கடலின் முறை. மழை ஓய்ந்து, வாடை தணிந்து, கச்சான் இன்னும் தொடங்காத இடைவெளியே பவளம் பார்க்க ஏற்ற பருவம். தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் காலை நேரம். பத்து, பதினொரு மணிக்கு மேல் காற்று எழுந்தால் அடிமணல் கிளம்பிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கரையோரமாக நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதில் தீவுகளின் நிலம் எல்லாம் சேர்த்து ஆறு சதுர கிலோமீட்டர் அளவுதான், மற்றதெல்லாம் தண்ணீர். இதை வெளியே சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தீவில் இறங்கிப் பார்க்கலாமா?' என்பது அடுத்த கேள்வி. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை தானே நடத்தும் பயணங்களில், அது காட்டும் இடத்தில் மட்டுமே போக முடியும்.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சை மூப்பன் வலசையில் வனத்துறையின் படகுச் சுற்றுலா இருக்கிறது. கடலுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு. கால் நனைய நின்று சுற்றிலும் கடலைப் பார்க்கலாம். பாம்பனின் தென்முனையில், 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலுக்கு எதிரே குருசடைத் தீவு. அங்கே போவதாக இருந்தால் முதல் நாளே ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். காற்றைப் பொறுத்துத் திறப்பார்கள், மூடுவார்கள், கட்டணமும் மாறும். பவளம் கிடைக்காத பருவத்தில் வந்துவிட்டவர்களை நான் வடகடல் பக்கம், காரங்காட்டுக்கு அனுப்பிவிடுவேன். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு, கடற்புல் படுகை, ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டு. ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. போனவர் யாரும் என்னைத் திட்டியதில்லை.

படகுத்துறையில் யாராவது ரகசியமாக அருகில் வந்து, கொஞ்சம் கூடக் கொடுத்தால் தீவிலேயே இறக்கிவிடுகிறேன் என்றால் தலையாட்டாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்கு அபராதத்தோடு முடியலாம். அவருக்குப் படகே போய்விடும்.

எதை எதிர்பார்த்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது மாலத்தீவு அல்ல, அந்தமானும் அல்ல. நீலக் கண்ணாடிபோன்ற தண்ணீரில் முப்பது மீட்டர் தூரம் தெரியும் படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே நல்ல நாளிலும் சில மீட்டர்கள்தான் தெரியும். ஆனால் பவளம் ஆழத்தில் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு, ஆளுயரத் தண்ணீரிலேயே இருக்கிறது. முகமூடியும் மூச்சுக்குழலும் இருந்தால் போதும், முதுகில் காற்று சிலிண்டர் தேவையில்லை. வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் கண்ணில் படுவது உருண்டைப் பாறைகளாகக் கிடக்கும் போரைட்டஸ் வகை. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வது. ஓர் ஆள் அகலமுள்ள உருண்டை என்றால் நம் பாட்டனுக்கு மூத்தது என்று கொள்ளலாம்.

அந்த உருண்டையின் அருகே அசையாமல் மிதந்தால் சில நிமிடங்களில் அதன் மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, சுண்டுவிரல் நுனியளவில் இறகுக் கொத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பவளத்துக்குள் குழாய் கட்டிக்கொண்டு வாழும் புழுக்களின் இறகுகள் அவை. உங்கள் கையின் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் ஒரே கணத்தில் உள்ளே போய்விடும். மறுபடி வர நேரம் எடுக்கும். காது தண்ணீருக்குள் இருக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன்கள் பாறையைச் சுரண்டும் சத்தம். பாறையோடு பாசியையும் கடித்து, அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. என்னோடு வந்தவர்களில் பலர் மீனைத் துரத்திக்கொண்டே போய் இவை இரண்டையும் தவறவிட்டார்கள். அவசரப்படாதவருக்குத்தான் இந்தக் கடல் ஏதாவது காட்டும்.

மிதப்பது எப்படி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பவளத்தை உடைக்கிறவர்களில் கெட்ட எண்ணத்தோடு உடைப்பவர் யாரும் இல்லை. முகமூடிக்குள் தண்ணீர் போனதும் பதறி, கால் ஊன்ற இடம் தேடி, கிடைத்த கல்லின் மேல் நிற்கிறார்கள். அந்தக் கல்லுக்கு உயிர் இருக்கிறது. ஆகவே முகமூடியைக் கரையிலேயே போட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். முடி ஒரு கொத்து உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். பெண்கள் முடியை இறுக்கிப் பின்னி உள்ளே செருகிக்கொள்வது நல்லது. பவளத்துக்குப் போகுமுன் வெறும் மணல் பரப்பில் சிறிது நேரம் மூச்சு விட்டுப் பழகுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். உடம்பு படுக்கை வாட்டத்தில் இருக்க வேண்டும். ஆழம் குறைவான இடத்தில் துடுப்புக் காலணி வேண்டாம். பழகாத கால் அதைக் கொண்டு பின்னால் எதையெல்லாம் நொறுக்குகிறது என்று முன்னால் நீந்துகிறவருக்குத் தெரியாது. கையுறையும் வேண்டாம். கையுறை போட்டவர் தைரியமாகத் தொடுவார்.

வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளவை பவளத்துக்கு ஆகாது என்பதால் 2021 முதல் ஹவாயில் அவற்றின் விற்பனைக்குத் தடை. பலாவு நாடு 2020லேயே தடுத்துவிட்டது. என் யோசனை இன்னும் எளிது: களிம்பே வேண்டாம். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை இறுக்கமான கால்சட்டை. வெயிலுக்கும் ஆயிற்று, சொறிக்கும் ஆயிற்று. சொறி என்பது இங்கே ஜெல்லி மீனுக்குப் பெயர். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ வந்தால் உடனே மருத்துவமனை.

இந்த உடை விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் தலைமுறைகளாக இந்தத் தொழில் நடக்கிறது. சேலைக்கு மேல் ஆண்களின் டி-சர்ட், காலில் ரப்பர் செருப்பு, விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டிய கட்டு, கண்ணில் நீச்சல் கண்ணாடி. அப்படித்தான் மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி பவளக் கற்களின் இடுக்கில்தான் வளர்கிறது. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டுத் தட்டாகச் செய்யும் கடற்பாசி இனிப்பின் மூலப்பொருள் இப்படி யாரோ ஒருத்தி மூச்சடக்கிக் கிள்ளி எடுத்த பாசியாக இருக்கலாம்.

ஓர் அக்கா தன் விரல்களைப் பிரித்துக் காட்டினார். ஊறி வெளுத்த தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். இரும்புத் தகட்டால் சுரண்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். சுரண்டினால் அடுத்த முறை அந்தக் கல்லில் எதுவும் முளைக்காது. கையால் கிள்ளி, அடியை விட்டுவிட வேண்டும் என்றார். மாதத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய பன்னிரண்டு நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிக் கடலில் இறங்காமல் இருப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்துப் பெண்களை ஒருங்கிணைத்த லட்சுமிக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது. ஆனால் இதே பெண்கள் பூங்கா எல்லைக்குள் வந்ததற்காக விரட்டப்பட்ட கதைகளையும், அபராதம் கட்டிய கதைகளையும் வைத்திருக்கிறார்கள். 1986இல் கோடு போட்டபோது அவர்கள் அந்தக் கோட்டுக்குள்ளே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். டிக்கெட் வாங்கிய எனக்குத் திறக்கும் கடல் அவர்களுக்கு மூடியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பவளத்தை உடைக்காமல் அதன் நடுவே வேலை செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சுற்றுலாப் படகில் வழிகாட்டியாக அவர்களில் ஒருத்தி வந்தால் எத்தனை கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பவளத்தைக் காக்கும் வேலையில் என் பங்கு மிகச் சிறியது. அனுமதி பெற்ற முக்குளிப்போர் குழுவோடு படகில் போய், அவர்கள் கீழிருந்து தரும் அறுந்த வலைகளை வாங்கி மேலே போடுவது. பெரும்பாலும் தங்கூசி வலை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அந்த நைலான் இழை பவளக் கிளைகளில் சிக்கி, அலைக்கு அலை அறுத்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவருக்கு இழுத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் வலையோடு கிளையும் வந்துவிடும். சின்னக் கத்தியால் முழம் முழமாக அறுத்து, ஒவ்வொரு கிளையாக விடுவிக்க வேண்டும். சில இடங்களில் பவளம் இழையை மூடி வளர்ந்துவிட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, தொங்கும் பகுதியை மட்டும் வெட்டுவார்கள். மேலே வந்த வலையில் நண்டுகளும் சங்கும் உயிரோடு இருக்கும். எடை போடுவதற்கு முன் அவற்றைப் பிரித்துக் கடலில் விடுவதுதான் என் வேலை. பாதி நாள் இதிலேயே போய்விடும், முதுகும் போய்விடும். ஆகவே நீந்தும்போது வலையைக் கண்டால் நீங்களாக இழுக்காதீர்கள். இடத்தைப் படகோட்டியிடம் காட்டுங்கள். அவர் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவார்.

கடலுக்குள் இருந்து எடுப்பதைவிடக் கரையில் எடுப்பது எளிது, பலனும் அதிகம். அறுந்த தங்கூசி, தெர்மக்கோல் மிதவை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் முதலில் கரையில்தான் கிடக்கின்றன. அடுத்த காற்றுக்குத்தான் பாறைக்குப் போகின்றன.

ஒட்டுமொத்தமாகப் பவளத்தைத் தீர்த்துக்கட்டுவது வலையோ நம் காலோ அல்ல, வெப்பம். பவளத் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும் அதுவே. ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல் 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் காய்ந்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. 2016இல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா வகைக்குத்தான் அடி அதிகம். வெளுத்த பவளம் புகைப்படத்தில் அழகாகத் தெரியும் என்பதுதான் கொடுமை. பால் வெள்ளையாக மின்னும் ஒரு புதரைக் காட்டி, எவ்வளவு அழகு என்று படகில் ஒருவர் வியந்தார். வெளுத்த நிலையில் இருக்கும் பவளத்தின் பக்கத்தில்கூடப் போகாமல் இருப்பது நல்லது. அடிமணல் கிளம்பி மேலே படிந்தால் அதைத் துடைத்துக்கொள்ளும் தெம்பு அப்போது அதற்கு இருக்காது. மே வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

வேறு வகைச் சாவுகளும் உண்டு. 2019இல் மிதக்கும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, பாம்பன் பக்கத்துத் தீவுகளில் பவளமும் பட்டுப்போனது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியின் கதை இன்னும் சிக்கலானது. மூங்கில் மிதவைகளில் அதை வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் வடகடல் கரை நெடுக இருக்கின்றன. அதே பாசி குருசடை, முள்ளி, வாலைத் தீவுகளின் பவளத்தில் ஏறி, பாயாகப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டது. கையால் பிய்த்து எடுக்கிறார்கள். ஒரு துண்டு நழுவினால் அது வேறோர் இடத்தில் முளைக்கும். அந்த மிதவைகளை நம்பி வீட்டுக்கடன் அடைக்கும் பெண்களிடம் போய் அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீவுகளுக்கு அருகில் வளர்க்கக் கூடாது என்ற அளவிலாவது கண்டிப்பு வேண்டும்.

தூத்துக்குடி பக்கம் போனால் இன்னொன்று தெரியும். பழைய கரையோர வீடுகளின் காரை உதிர்ந்த சுவரில் பவளக்கல் தெரியும். கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இடம்பெற்றது. ஆனாலும் வெட்டு முழுதாக நின்றது சுனாமிக்குப் பிறகுதான். தீவும் பாறையும் அலையைத் தடுக்கும் என்பது அதன்பின் எல்லோருக்கும் விளங்கியது. அதற்குள் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயிருந்தன. 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2015இல் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே தேய்ந்துவிட்டது. அதன் முன்னே துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கி அலையை உடைத்திருக்கிறார்கள்; அதில் இப்போது மீன் கூடுகிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்க்கிறது. நட்டது பிழைக்கிறது; ஆனால் வெட்டிய வேகம் எங்கே, வளரும் வேகம் எங்கே.

அதனால் கோயில் வாசல் கடைகளில் வெள்ளைப் பவளக் கொத்து விற்றால் விலை கேட்கக்கூட நிற்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம். பழையது, தானாகக் கரை ஒதுங்கியது என்ற சமாதானமெல்லாம் செக்போஸ்டில் எடுபடாது. படகில் ஏறுமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: நங்கூரம் எங்கே போடுவீர்கள்? மணலில், அல்லது கட்டிவைத்த மிதவையில் என்றால் ஏறலாம். ஒரு முறை நான் போன தனியார் படகில் பாறை மேலேயே இரும்பைப் போட்டார்கள். பயணிகள் மீனுக்கு முறுக்கு வீசினார்கள். அதைத் தடுப்பதற்கு ஆளில்லை. நாம் கேட்கத் தொடங்கினால் அவர்களும் பார்த்துப் போடுவார்கள்.

கரைக்கு வந்ததும் பசிக்கும். மண்டபம், பாம்பன் சாப்பாட்டுக் கடைகளில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் வைத்திருப்பார்கள், ருசியும் குறைவில்லை. ஆனால் பாறையில் பாசி ஏறவிடாமல் மேய்வது அதுதான், ஓரா மீனும் அப்படியே. பவளம் பார்த்துவிட்டு வந்த நாளில் அவை இரண்டையும் விட்டுவிட்டுச் சூடை மீன் வறுவல் கேளுங்கள். விலையும் குறைவு. முள் அதிகம், அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும்.